வழியில் தங்கிவிட்ட வெடிச்சத்தம்

எங்கள் ஊர் கல்லுக்கூட்டத்துக்கு மழை தாமதமாக வந்திருக்கிறது, பஸ் தாமதமாக வந்திருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் தாமதமாக வந்து முகூர்த்தம் தப்பியிருக்கிறது, மார்கழியில் சுட்ட ஒரு வெடியின் சத்தம் வைகாசியில் வந்து சேர்ந்ததும் அந்த மாதிரிதான் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். சத்தத்தின் மேல் யாருக்கும் கோபம் கிடையாது, ஐந்து மாதம் பொறுத்தது இன்னும் ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் பொறுத்திருக்கக் கூடாதா என்று மட்டும்தான் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பழனி மலையின் தெற்குச் சரிவில், காப்பிச் செடிகளுக்கு நடுவே நாற்பது வீடு, அதுதான் ஊர். வேட்டைக்குச் சர்க்கார் தடை போடாத காலம். தோட்டமும் பங்களாவும் வேலப்ப முதலாளியுடையது. கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷன். பங்களாவில் அவரும் ஒன்பது துப்பாக்கிகளும் இருந்தார்கள். வெள்ளைக்காரத் துரைமார் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய வருஷங்களில், பங்களா பங்களாவாக ஏறி இறங்கிச் சேர்த்தவை. ஒன்று ஏதோ ஒரு ஜமீனில் நெல்குதிருக்குப் பின்னால் கிடந்தது, இன்னொன்றை ஒரு துரைசானி தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுத்திருந்தாள். எல்லாம் நூறு வருஷத்துக்குக் கிட்டப் பழசு, எல்லாம் பெருங்குழல், எல்லாம் ஒத்தைக் குழல், ஒரு தடவைக்கு ஒரே வெடி. தோட்டா மாற்றாமல் சுடுகிற புதுத் துப்பாக்கியை யாராவது கொண்டுவந்து காட்டினால் அதைக் கையில்கூட வாங்க மாட்டார்.

"ரெண்டாம் குண்டு இருக்கிறவனுக்கு மொதக் குண்டுல கவனம் இருக்காதுடா சுருளி" என்பார். "ஒண்ணுதான்னு தெரிஞ்சா கை தானா நிதானமாகும். மிருகத்துக்கும் அதுதான் ஞாயம்."

சுருளி நான்தான். அவருக்கு அடி பார்க்கிறவன், துப்பாக்கி தூக்குகிறவன். எந்த மிருகம், எப்போது போனது, நொண்டியா நேரா, வயிறு நிறைந்ததா காலியா என்று மண்ணைப் பார்த்துச் சொல்வேன். எழுத்து எனக்கு வராது, இது வரும்.

ஒன்பதிலும் பெரியதற்கு நாங்கள் கும்பகர்ணன் என்று பேர் வைத்திருந்தோம், வருஷத்தில் ஒரு நாள்தான் விழிக்கும், விழித்தால் ஒரே வாய். குழலுக்குள் என் கட்டைவிரல் தாராளமாகப் போய்வரும். அதைச் சுமந்து ஒரு பக்கமாகச் சாய்ந்த என் தோள் இன்றைக்கும் நிமிரவில்லை. கீழே உள்ள பிடியை இறக்கினால் பின்வாய் திறக்கும், எலுமிச்சம்பிஞ்சு போல ஈயக்குண்டு வைத்த பித்தளைத் தோட்டாவை உள்ளே விட்டுப் பிடியைத் தூக்கினால் வாய் மூடும். அது வெடித்தால் வீடுகளில் ஓடு நழுவும், அடைகாக்கிற கோழி எழுந்து ஓடும், மலையடிவாரத்து ஊர்களில்கூடப் பெண்கள் எழுந்துபோய் அம்மியில் மிளகாய் வைப்பார்கள், ஏனென்றால் சத்தம் கேட்ட வீட்டுக்கெல்லாம் கறியில் பங்கு உண்டு என்பது இந்த மலையின் வழக்கம்.

அவர் சுடுவது காட்டுமாடு மட்டும். அதிலும் கூட்டத்தைவிட்டு விலகித் தனியாகத் திரிகிற கிழக்காளை மட்டும். பசுவைத் தொட்டதில்லை.

அந்த மார்கழியில், பொழுது விடிந்து வெகுநேரம் ஆகியும் பனி விலகாத ஒரு காலையில், மேற்குச் சோலைக்கு மேலே தனி அடி ஒன்று கண்டேன். பெரிய குளம்பு, ஆழமான அடி, பக்கத்தில் வேறு அடி இல்லை. காளையா பசுவா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வழி உண்டு, மூத்திரம் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்ப்பது. பின்னங்கால் அடிக்கு முன்னால் ஈரம் இருந்தால் காளை, பின்னால் இருந்தால் பசு. ஈரம் முன்னால் இருந்தது. எதிரே இருபது பாகத் தூரத்தில், பனிக்குள், கறுப்பாக ஒரு முதுகுத் திமில் மட்டும் தெரிந்தது.

"காளையாடா?" என்றார் மெதுவாக.

"காளைதான் ஐயா."

"நிச்சயமா?"

"பதினெட்டு வருசமா அடி பாக்கிறேன், இதுகூடத் தெரியாதா? அடிங்க."

அவர் அடித்தார். குழல் வாயில் நெருப்பைப் பார்த்தேன், பனியைவிட வெள்ளையாகப் புகை சுருண்டு வருவதைப் பார்த்தேன், உதை தாங்காமல் அவர் மூன்றடி பின்வாங்கி என்மேல் சாய்ந்தபோது தாங்கிப் பிடித்தேன். சத்தம் வரவில்லை.

காது அடைத்துக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் ஓடையில் தண்ணீர் ஓடுவது கேட்டது, சீட்டியடிக்கிற குருவி எடுத்த பாட்டை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தது.

"சுருளி, வெடிச்சதா?"

"வெடிச்சது ஐயா."

"சத்தம்?"

"காணோம் ஐயா."

புகை விலகியது. மாடு விழாமல் எங்கள் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தது. முன்சப்பைக்குப் பின்னால் என் கைமுஷ்டி நுழைகிற அளவுக்கு ஓட்டை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வாயில் இருந்த தழையை அது மென்று முடித்தது. அது பசு. சினைப்பசு. நான் அப்போதுதான் குனிந்து தரையைப் பார்த்தேன். பனியில் தெரியாமல் போன சரிவு இப்போது தெரிந்தது. மாடு பள்ளத்தைப் பார்த்துத் தலைவைத்து நின்றிருக்கிறது, பின்னால் விழுந்த மூத்திரம் சரிவில் ஓடி அடியைத் தாண்டி முன்னால் வந்திருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு தோட்டாவை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். பசுவும் எங்கள் பின்னாலேயே, வீட்டு மாடு மேய்ச்சலிலிருந்து திரும்புவது போல, வந்துவிட்டது.

ஊரில் முதலில் எழுந்த கேள்வி ஓட்டையைப் பற்றியது அல்ல. "வெடிக்கப் போறோம்னு போனீக, சத்தமே காணோம், நாங்க மிளகாய வைக்கவா வேண்டாமா?" என்று மூக்கம்மா கேட்டாள், ஊரில் வாய் நீளம் அவளுக்குத்தான். பசுவின் ஓட்டையைக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள். "ஆத்தீ, அந்தப் பக்கம் என் வீட்டுக் கூரை தெரியுதே" என்றாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிள்ளைகள் ஓட்டைக்குள் கைவிட்டு, வெதுவெதுவென்று இருக்கிறது என்று குளிருக்குக் கை காயவைத்துக்கொண்டார்கள்.

என் பெண்டாட்டி வெள்ளத்தாய் மாட்டுப் பிரசவம் பார்க்கிறவள். பசுவின் வயிற்றை இரண்டு கையாலும் தடவி, காதை வைத்துக் கேட்டு, "நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குது, வைகாசி வளர்பிறையில ஈனும்" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "வெடி வெடிச்சிருச்சு, குண்டும் பாஞ்சிருச்சு, சத்தம் மட்டும் வந்து சேரல. சத்தம் வர்ற வரைக்கும் மாட்டுக்குத் தான் செத்தது தெரியாது. தெரியாமலே இருக்கட்டும், கன்னு வெளிய வர்ற வரைக்கும்."

சூசை வாத்தியார் சிலேட்டை எடுத்து, சத்தம் விநாடிக்கு ஆயிரத்து நூறு அடி போகும், மேற்குச் சோலை இத்தனை அடி, ஆகவே சத்தம் எப்போதோ வந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

"ஏன் வாத்தியாரே, ஒம்பது மணி பஸ்ஸுக்கும் நீங்க கணக்கு வச்சிருக்கீங்க, அது வந்துச்சா?" என்றாள் மூக்கம்மா. வாத்தியார் சிலேட்டைத் துடைத்துவிட்டார்.

சத்தம் பனியில் வழி தவறி ஏதோ ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பேசி முடிவானது. வழி தவறின ஆட்டுக்குட்டி மந்தை மணியைக் கேட்டு வந்து சேருவது போல, ஊர்ச்சத்தம் காதில் விழுந்தால் அதுவும் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். ஆகையால் ஊர் சத்தம் போடுவதையே விட்டது. மாடுகளின் கழுத்து மணியை அவிழ்த்தோம். பள்ளிக்கூட மணியைக் கழற்றி, வாத்தியார் வாசலில் நின்று துண்டை வீசினால் பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம் என்று வைத்தோம். நாய்களுக்குக் குரைக்க நேரமில்லாதபடி வயிறு நிறையச் சோறு போட்டோம். காப்பிப் பழம் அரைக்கிற இயந்திரம் கடகடக்கும் என்று வேலப்ப ஐயா அதை நிறுத்திவிட்டு, அந்த வருஷத்து விளைச்சல் முழுவதையும் தோலோடு களத்தில் உலர்த்தச் சொன்னார். தைப்பொங்கல் அன்று பானை பொங்கியபோது நாற்பது வீட்டு வாசலிலும் பொங்கலோ பொங்கல் என்று உதட்டை மட்டும் அசைத்தோம், சூரியனுக்கு அது கேட்டிருக்கும் என்றே நம்பினோம். மாசியில் நடந்த ஒரு கல்யாணத்தில் மேளக்காரர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு, மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு, தாலி கட்டுகிற நேரத்தில் விரலைக் காற்றில் ஓட்டினார்கள், பார்த்தவர்கள் அத்தனை நல்ல வாசிப்பைக் கேட்டதில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூக்கம்மாவும் அவள் ஓரகத்தியும் தண்ணீர்க் குழாயடியில் சண்டையைக்கூடக் கைஜாடையிலேயே போட்டார்கள், எந்த வசவுக்கு எந்த ஜாடை என்பது ஊருக்கே பழகிவிட்டதால் சின்னப் பிள்ளைகளின் கண்ணைப் பொத்த வேண்டியிருந்தது.

பசு தெருவில் நடக்கும், யார் வீட்டுக் கழுநீரையும் குடிக்கும், சாயங்காலமானால் பங்களா முற்றத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அது காட்டுமாடு என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

வேலப்ப ஐயாவுக்கு மட்டும் எதுவும் மறக்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் கொண்டை ஊசி வளைவுக்கு நடந்துபோய் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துகொள்வார். லாரியோ பஸ்ஸோ ஏறிவருவது தெரிந்தால் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் கூப்புவார், ஆரன் அடிக்காதீர்கள், உள்ளே ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்று. கண்டக்டர் ஒருத்தன் இறங்கி வந்து, "யாருக்குங்க பிரசவம், உங்க மகளுக்கா?" என்றான். "என் கையால அடிபட்டவளுக்கு" என்றார். அவன் பஸ்ஸில் ஏறிக்கொண்டான், அன்றிலிருந்து அந்த வளைவில் எந்த வண்டியும் ஆரன் அடிக்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் அவருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். காதோடு காதாகச் சொன்னேன்: "ஐயா, அந்த எடம் சரிவு. நான் பாக்கல. எம்மேலதான் தப்பு."

அவர் கஞ்சியை ஊதிக் குடித்தார். "சரிவுன்னு தெரியும். மறுநாளே போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"பெறகு ஏன் ஐயா எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டு? நீ சொன்னது உன் தப்பு, நான் சுட்டது என் தப்பு. ரெண்டையும் ஒரே கட்டாக் கட்டி நீயே தூக்கிட்டுப் போயிராதடா. என்னுத எங்கிட்ட விட்டுரு." கஞ்சிக் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "கன்னு பொழச்சிரும்ல?" என்றார். ஐந்து மாதமும் அவர் வேறு எதையும் கேட்கவில்லை, பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைத்தான் கேட்டார்.

வைகாசி வளர்பிறை பஞ்சமியன்று, வெயில் உச்சியைத் தாண்டிய நேரத்தில், காப்பிக் களத்தில் பசு படுத்தது. ஊரே சுற்றி நின்றோம், ஆணும் பெண்ணும் முந்தானையையும் துண்டையும் வாயில் சுருட்டி வைத்துக்கொண்டு. வெள்ளத்தாய் மண்டியிட்டிருந்தாள். முதலில் இரண்டு முன்குளம்பு, அதன்மேல் வைத்த மூக்கு, பிறகு தலை, தோள், வழவழவென்று முழுக்கன்றும் பனிக்குடத்தோடு களத்தில் வந்து விழுந்தது. காளைக்கன்று. உள்ளே கால் உதைத்தது, உயிரிருந்தது.

வெள்ளத்தாய்தான் குலவையிட்டாள். ஐந்து மாதமாக ஊரில் யார் தும்மினாலும் முறைத்துக்கொண்டு திரிந்தவள் அவள். ஆனால் பிள்ளை பிறந்தால், கன்று விழுந்தால், பெண் சமைந்தால் எங்கள் பெண்களின் நாக்கு யாரையும் கேட்டுக்கொண்டு சுழலாது. அவள் தொடங்க, மூக்கம்மா வாயிலிருந்த முந்தானை விழ, நாற்பது வீட்டுப் பெண்களும் ஐந்து மாதமாக அடக்கி வைத்திருந்த குலவையை ஒன்றாக எடுத்தார்கள், அது சோலைமேல் ஏறிப் பாறைமேல் ஏறி மேற்கே போனது. வேலப்ப ஐயா இரண்டு கையையும் தூக்கி "வேண்டாம், வேண்டாம்" என்று ஓடிவந்தார். வெள்ளத்தாய் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். பொத்தின கையை எடுத்துக் கன்றின் முகத்தில் ஒட்டியிருந்த பனிக்குடத்தைக் கிழித்தாள். மூக்கு வெளியே வந்தது, காது இரண்டும் விடுபட்டு நிமிர்ந்தன, பசு எழுந்து நின்று கன்றை நக்கத் தலையைத் திருப்பி நாக்கை நீட்டியது, நாக்குக்கும் கன்றுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

மேற்கே குருவிகள் கூட்டமாக எழும்பின. காப்பிச் செடிகள் வரிசை வரிசையாக எங்களை நோக்கிச் சாய்ந்தன. பிறகு அது வந்தது. அத்தனை ஓடும் நழுவின, அத்தனை கோழியும் எழுந்தன, குழந்தைகள் வீறிட்டு அழுதன, அது எங்களைத் தாண்டிக் கிழக்கு மலையில் மோதித் திரும்பி இன்னொரு தடவையும் வந்தது. பசு நீட்டிய நாக்கோடு அப்படியே பக்கவாட்டில் விழுந்தது, ஐந்து மாதமும் வராத ரத்தம் ஓட்டையிலிருந்து வந்து களத்தை நிறைத்தது.

அடிவாரத்து ஊர்களிலிருந்து பெண்கள் வழக்கப்படி பாத்திரம் எடுத்துக்கொண்டு மேலே வந்தார்கள். களத்தைப் பார்த்துவிட்டுப் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தார்கள், ஆண்களை மண்வெட்டியோடு வரச் சொல்லி ஆளனுப்பினார்கள். பொழுது சாய்வதற்குள் குழி வெட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, முழு உடம்பாகப் புதைத்தோம்.

கன்றை வேலப்ப ஐயா தன் வேட்டியை உருவித் துடைத்துவிட்டார். மூக்கம்மா வீட்டுப் பசுவிடம் பால் குடித்து அது வளர்ந்தது, ராசு என்று கூப்பிட்டோம், பெயர் சொன்னால் என்றைக்காவது திரும்பிப் பார்த்திருந்தால்தானே. ஊர் பழையபடி சத்தம் போட்டது, மணி அடித்தது, மேளம் கொட்டியது, வெள்ளத்தாய் மட்டும் அப்புறம் எந்த வீட்டு விசேஷத்திலும் குலவையிடவில்லை. நாங்கள் நினைத்தோம், இதோடு முடிந்தது என்று.

ஐப்பசியில் முதல் இடி இடித்தபோதுதான் தெரிந்தது. தொழுவத்தில் படுத்திருந்த ராசு சட்டென்று எழுந்தான், கயிற்றை அறுத்தான், வாலைத் தூக்கிக்கொண்டு இடி வந்த திசைக்குத் துள்ளி ஓடினான். மாடு இடிக்குப் பயந்து ஓடுவதைப் பார்த்திருக்கிறோம், இடியைத் தேடி ஓடுவதைப் பார்த்ததில்லை. மழை விட்டபின் பாறை உச்சியில் கண்டுபிடித்தோம், மேகத்தைப் பார்த்து முகத்தைத் தூக்கி, நாக்கை நீட்டிக்கொண்டு நின்றான். காது திறந்ததும் உலகத்தில் அவன் கேட்ட முதல் சத்தம் அந்த வெடி. அதையே அவன் தாயின் குரல் என்று எடுத்துக்கொண்டான்.

ரோட்டுக்குப் பாறை பிளக்க வெடி வைத்தார்கள், இரண்டு நாள் காணாமல் போனான். தேடிச் சலித்து, வேறு வழி தெரியாமல் வேலப்ப ஐயா கும்பகர்ணனை எடுத்துக் குண்டில்லாமல் வெறும் மருந்தை அடைத்து ஒரு வெடி வெடித்தார். எங்கேயோ இருந்த ராசு புதரை மிதித்துக்கொண்டு ஓடிவந்து, சூடு ஆறாத குழல் வாயில் முகத்தை வைத்துத் தேய்த்தான், நக்கினான். அவர் துப்பாக்கியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு சாயங்காலம் சாயங்காலம் அதுதான் வழக்கமானது, மேய்ச்சலுக்குப் போனவன் திரும்ப ஒரு வெறும் வெடி. ஊர்ப் பிள்ளைகள் அதைக் கேட்டு விளையாட்டை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். "ராசுவ அம்மா கூப்பிடுறா" என்பார்கள்.

அடுத்த வருஷம் தை மாதம் பக்கத்து மலைக்கு வேறு யாரோ வேட்டைக்கு வந்திருந்தார்கள். பட்டப்பகலில் அங்கே வெடிச்சத்தம் கேட்டது, ராசு ஓடினான். எங்கள் வெடிக்குத் திரும்பி வந்தபோது இடதுகாதில் பாதி இல்லை. வேலப்ப ஐயா அந்தக் காதில் மஞ்சள் வைத்துக் கட்டினார்.

"துப்பாக்கியத் தேடிப் போற மிருகத்த எத்தனை நாளைக்குடா காப்பாத்த முடியும்?" என்றார்.

"கட்டிப்போட்டு வளப்போம் ஐயா."

"காட்டுக் காளை. இன்னும் ஒரு வருசத்துல எந்தக் கயிறு தாங்கும்?" ராசுவின் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தார். "பயப்படச் சொல்லிக் கொடுக்கணும். அதச் செய்ய வேண்டியவ இருந்திருந்தா பெறந்த அன்னைக்கே சொல்லிக் கொடுத்திருப்பா. அவளத்தான் நாம விடலையே."

மறுநாள் அவரே ஒரு தோட்டாவில் மருந்தைக் குறைத்துப் போட்டு, குண்டுக்குப் பதில் கல் உப்பை அடைத்தார். சாயங்காலம் புல்மேட்டுக்குப் போனோம். வெறும் வெடி வெடித்தார். தூரத்துச் சோலையிலிருந்து ராசு வெளியே வந்தான், கட்டுப்போட்ட காதை ஆட்டிக்கொண்டு, வால் தூக்கிய ஓட்டத்தில். ஐயா பிடியை இறக்கினார், காலித் தோட்டாவை எடுத்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டாவது தோட்டாவை உள்ளே விட்டார். தோளில் வைத்தார். இறக்கினார். திரும்ப வைத்தார்.

"என்னால ஆகாதுடா" என்று துப்பாக்கியை என் நெஞ்சில் அழுத்திவிட்டு, முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "கண்ணுல பட்டுராம, பக்கவாட்டுல."

"ஐயா, நான் தூக்கித்தான் பழக்கம், அடிச்சதில்ல."

"அடிடா, கிட்ட வந்துட்டான்னா அப்புறம் ரெண்டு பேராலயும் முடியாது."

இருபது பாகத் தூரத்தில் அடித்தேன். நான் சுட்ட ஒரே வெடி அதுதான். உப்பு அவன் விலாவில் பாய்ந்து தோல் துடித்தது, ஓட்டம் நின்றது. அவன் என்னைப் பார்க்கவில்லை, துப்பாக்கியைப் பார்த்தான். கூட்டத்தில் நெருக்கியடித்து நிற்கும்போது தாயின் முழங்கை தெரியாமல் இடித்துவிட்டால் பிள்ளை அண்ணாந்து பார்க்குமே, அப்படி. பிறகு ஒரு அடி எடுத்து எங்களை நோக்கி வைத்தான்.

வேலப்ப ஐயா திரும்பாமலேயே குனிந்து கல்லை எடுத்துத் தோளுக்கு மேலாக எறிந்தார், குறி இல்லாமல், கைக்குக் கிடைத்த கல்லையெல்லாம். "போ! போடா! போய்த் தொலை!" என்று கத்தினார். வளைவில் நின்று ஒவ்வொரு வண்டிக்கும் கைகூப்பினவருக்கு அத்தனை பெரிய குரல் இருந்தது எங்களுக்கு அன்றுதான் தெரியும். ராசு பின்வாங்கினான். திரும்பினான். சோலையைப் பார்த்து நடந்தான்.

குளம்புச் சத்தம் நின்றபிறகு ஐயா கல் எறிவதும் நின்றது. ஐயாவுக்கு மூச்சு வாங்கியது.

"போயிட்டானா?"

"போயிட்டான் ஐயா."

"நடந்தானா, ஓடினானா?"

"ஓடினான் ஐயா. நல்லா ஓடினான்."

"திரும்பிப் பாத்தானா?"

"இல்ல ஐயா" என்றேன், "ஒரு தடவைகூடப் பாக்கல."

"அப்ப சரி" என்று அவர் தலையை ஆட்டினார், நல்லது, நல்லது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்க ஆரம்பித்தார். அவர் திரும்பிவிடாதபடி அவர் முதுகுக்கு நேராக, துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, நானும் இறங்கினேன்; சோலை விளிம்பில் ராசு எங்களைப் பார்த்துக்கொண்டு இன்னும் நின்றான்.